நான்காம் இடம்

லொறி இன்னும் வரவில்லை.
கல்முனையில், மண்டபத்துக்கு வெளியே,
பன்னிரண்டடி ஆடுகளம் ஒன்பது துண்டாய்க் கழன்று
சுவரோடு சாய்ந்திருக்கிறது.
தோற்றதைப் பற்றிப் பேச எவருக்கும் வாயில்லை.
ருஸ்னிதான் கேட்டாள்:
"இதுவரைக்கும் வந்த ஏழு ஆட்டத்துல
எது நல்லம், எது கூடாது?
வரிசையா எழுதுவமா?"

சீமெந்துப் பையொன்றைக் கிழித்து
உட்புறத்தைப் புரட்டிப் போட்டோம்.

ஏழாம் இடத்துக்குச் சண்டையே இல்லை: குழாய்க் கோபுரம்.
நடுக்குழாயை முதலில் தொட்டவன் வென்றான்.
பத்து வினாடியில் முடிகிற ஆட்டத்துக்கு
மீதி இரண்டு நிமிடம் எதற்கு?

ஆறு, நெல்மூட்டை.
பேரைக் கேட்டதும் எங்கள் மாவட்டமே வென்றதாய் நினைத்தோம்.
மூட்டைக்குள் இருந்ததோ மணல்;
தையல் விட்டது.
விதி எழுதியவர் எங்கோ இருந்தார்.
மணல் எங்கள் பற்சக்கரத்தில் இருந்தது,
இன்னும் இருக்கிறது என்று டிலக்சன் சத்தியம் செய்கிறான்.

அதற்கு மேலே போக ஒண்ணாமல் போயிற்று.
அப்கருக்கு, ரோபோ தானாய் ஓடும் முதல் பதினைந்து வினாடிதான் ஆட்டம்,
மற்றதெல்லாம் கைப்பழக்கம்.
டிலக்சனுக்கு, இடித்துத் தள்ள இடமில்லாவிட்டால்
அது பரீட்சை, ஆட்டமில்லை.
ருஸ்னிக்கு, எந்த வருடம் குறைவாய்ச் செயின் அறுந்ததோ அது.
எனக்கு,
களத்தைச் சுமக்கிறவனுக்கு,
பலகையின் பாரம்தான் கணக்கு.
விளக்கு மாடம் வந்த வருடம்
இரும்புக் கம்பம் நாலு;
தோளில் தழும்பு இருக்கிறது, காட்டினேன்.
"சரி, ஐஞ்சில போடு" என்றார்கள், இரக்கப்பட்டு.

மறுகா அப்கர் மெல்லச் சொன்னான்:
"மீன்கூடை."

எண்ணெய் வரிசை வருடம்.
முப்பத்திரண்டு பக்க விதி வந்தது,
போட்டி வரவில்லை.
மின்வெட்டுக்கும் மின்வெட்டுக்கும் நடுவில்
பற்றரி ஏற்றி ஒரு கையைச் செய்தோம்,
மூன்று மூட்டு, மடக்கினால் கொக்கின் கழுத்து.
ஒரு பந்தையும் தூக்காமல்
அதைக் கழற்றி அடுத்த வருடத்துக்குக் கொடுத்தோம்.

"விளையாடாதத எப்படிக் கணக்கெடுக்கிற?" டிலக்சன்.
"அதுதான் முதலாவது. அதப் போல விதி ஒண்டுமே வரல்ல." அப்கர்.
"குறை சொல்ல ஒண்டுமில்லாததுதான் அதுட குறை." ருஸ்னி.

இந்த வருடம் சேர்ந்த லதுர்ஷா
தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்:
"எப்படி அது விளையாடுற?"

சோடா மூடிகள் மீன்.
கோப்பைகள் கூடை.
சீமெந்துத் தரையில் சோக்குக் கோடு,
மேலே இரண்டு போன் வெளிச்சம்.
உள்ளங்கைதான் ரோபோ; விரல் பாவித்தால் தண்டம்.
அப்கர் மண்டியிட்டு விதியை ஒப்புவித்தான்,
பக்க இலக்கத்தோடு.

மூன்றாவது சுற்றில் லதுர்ஷா
ஒரு மூடியையும் தொடவில்லை.
கையைக் கொண்டுபோய் எங்கள் கூடைக்கு முன்னால்
அப்படியே நிறுத்திவிட்டாள்.
"நான் அசையமாட்டன். எங்க போட்டிருக்கு ஏலாதெண்டு?"

அப்கர் யோசித்தான்.
பதினொன்றாம் பக்கத்துக்குப் போனான்,
இருபதாம் பக்கத்துக்குப் போனான்,
அங்கிருந்து திரும்பி வர நேரமெடுத்தது.
எங்கும் போட்டிருக்கவில்லை.

டிலக்சன் தரையில் உருண்டு சிரித்தான்.
அப்கரும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.
பேனையை வாங்கித் தன் கையாலேயே எழுதினான்:
நாலு, மீன்கூடை.
இத்தனை வருடம் இலக்கமில்லாமல் கிடந்ததற்கு
ஓர் இலக்கம்.

லொறி வந்தது.
ஒன்பது துண்டையும் ஏற்றினேன்.
இன்றைய களம் பாரமில்லை, அதையும் சொல்ல வேண்டும்.
பாண்டிருப்பு தாண்டும்போது தாளை விரித்துப் பார்த்தால்
இரண்டாம் இடத்தில் இன்றைய ஆட்டம்,
ருஸ்னியின் சாய்ந்த எழுத்து.
கேட்காமலே சொன்னாள்:
"ஆட்டம் நல்லம்தான். நாங்கதான் பிழை விட்டது."

முதலாம் இடத்துக்கு வாவிப் பாலமா, தேங்காய்ச் சந்தையா என்று
பலகைகளின் மேலிருந்து
இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.